பள்ளி நூலகமும் அறிவியல் செய்தியும்



பத்தாண்டு நிறைவு விழாவில் நான் சங்க இலக்கியம் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அவர்களை முற்றிலும் ஏமாற்ற விரும்பவில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த மரக்காணக் கரையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வண்டியோடு செல்லும் உமணர் வீட்டுச் சிறுவர், மந்தியொன்றுடன் கிலுகிலுப்பை ஆடும் காட்சி அந்நூலில் உண்டு. உப்பை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் புலவர் ஒருவர் பாடிய நூல் அது. இன்று அத்தகைய பிள்ளைகள் கூனிமேட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் பாடநூலுக்கு வெளியே எதைப் படிக்கின்றனர் என்பதே இன்று என் பேச்சு.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கப்பட்டது, பிள்ளைகள் கைதட்டினார்கள், ஊரே பெருமைப்பட்டது. பெருமைப்படுவதில் பிழையில்லை. ஆனால் பெருமை வேறு, விளக்கம் வேறு. அம்மாத இறுதியில், பிரக்யான் ஊர்தி நிலவின் மண்ணில் கந்தகம் இருப்பதை உறுதி செய்ததாகச் செய்தி வந்தது. நான் நூலகப் பொறுப்பில் இருந்த பள்ளியில் அந்தச் செய்தியைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டினோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன் கீழே பென்சிலால் எழுதினாள்: "அங்கே யார் தொட்டுப் பார்த்தார்கள்?"

நாளிதழில் அதற்கு விடையில்லை. அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். செய்தித்தாளுக்கு அன்றாட அவசரம் உண்டு. ஓர் இதழ் 'கந்தகம்' என்றும், இன்னோர் இதழ் 'சல்பர்' என்றும் எழுதியிருந்தன. இரண்டும் ஒன்றென அறியாத பிள்ளைகள் இரண்டு பொருள்கள் கிடைத்தனவோ என்று மயங்கினர். (கலைச்சொல் பற்றி மேடைகளில் நாம் நடத்தும் சண்டை எட்டிப் போய்ச் சேரும் இடம் இதுதான்.)

விடை அலமாரியிலும் அடுப்பிலும் இருந்தது. ஊர்தியிலிருந்த கருவி மண்ணின்மீது லேசர் கதிரைப் பாய்ச்சி, சிறு துளியளவு மண்ணைக் கடுஞ்சூட்டில் ஆவியாக்குகிறது. அந்த ஆவி ஒளிர்கிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக் கோடுகளாக ஒளிவிடுவதால், அக்கோடுகளைக் கொண்டு தனிமத்தை அடையாளம் காணலாம். இதைச் சொல்லிவிட்டு, கேஸ் அடுப்பில் உப்புப் போட்ட உலைநீர் பொங்கி வழிந்தால் நீலச்சுடர் என்ன நிறமாகிறது என்று கேட்டேன். பாதி வகுப்பு "மஞ்சள்" என்றது. அந்த மஞ்சள், உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. அன்று பிள்ளைகளுக்கு நிலவு சற்று அருகில் வந்தது.

செய்தி கேள்வியை எழுப்பும். அக்கேள்விக்கு மறுநாள் விடைதேடும் இடம் நூலகம். அந்த மறுநாள் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. நூலகப் பாடவேளை கால அட்டவணையில் இருக்கும். தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொள்ளும். அலமாரிக்குப் பூட்டு. நூல் காணாமற்போனால் யார் விலை கட்டுவது என்னும் அச்சம் ஆசிரியருக்கு. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில், நூல் பயன்பாட்டுக்கே உரியது என்பதைத்தான் முதலாவதாக வைத்தார். நாமோ நூலைப் பாதுகாத்துப் பாதுகாத்துக் கரையானுக்குக் கொடுக்கிறோம்.

எழுத்துக்குப் பஞ்சமில்லை. 1891இல் பிறந்து 1986இல் மறைந்த பெ. நா. அப்புசுவாமி, தொழிலால் வழக்கறிஞர். ஆயினும் வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் குழந்தைகளுக்கென்றே பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் வந்தது. தமிழ்நாடு, புதுவை அறிவியல் இயக்கங்கள் சேர்ந்து 1987இல் தொடங்கிய 'துளிர்', சிறுவர்க்கான அறிவியல் மாத இதழ். அதன் பழைய இதழ் ஒன்று கைக்குக் கை மாறி, அட்டை கிழிந்து, பின்பக்கம் இல்லாமல் திரும்பி வந்தபோது நான் மகிழ்ந்தேன். புத்தம் புதிதாக இருக்கும் நூலைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

இந்தக் கரையில் அறிவியல் செய்தி வெறும் பொழுதுபோக்கன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கைபேசிகளில் உண்மையும் புரளியும் ஒன்றாக வந்தன. 40 சென்டிமீட்டர் என்றால் என்ன? ஒரு சதுர மீட்டர் தரையில் 400 லிட்டர். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் ஏறத்தாழ 27 குடம். இக்கணக்கைச் செய்து பார்த்த பிள்ளை, பாத்தியில் குவித்த உப்பு ஏன் கரைந்தது என்று கேட்க மாட்டாள். அடுத்த எச்சரிக்கை வரும்போது வீட்டாருக்கு அதன் பொருளை எடுத்துச் சொல்வாள். புரளியைக் கேட்டால் எந்த நிலையத்து அறிவிப்பு, எத்தனை மணிக்கு வந்தது என்று திருப்பிக் கேட்பாள். எழுத்தறியாத பெற்றோருக்கு அவளே நூலகம்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மலர் அச்சிட்ட பின் நிதி எஞ்சுமானால், அதைப் பரிசுக் கேடயங்களுக்குச் செலவிட வேண்டாம். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஓராண்டு 'துளிர்' சந்தா கட்டுங்கள். காணாமற்போகும் நூல்களின் விலையை வட்டமே ஏற்கும் என்று தலைமையாசிரியர்களுக்கு எழுதிக் கொடுங்கள்; பூட்டுத் திறக்க அது போதும். பலகையும் குண்டூசியும் நான் வாங்கித் தருகிறேன். சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளோடு அமர்ந்து செய்தி கத்தரிக்க இருவர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நிற்பேன், பெயர் தாருங்கள்.