ஊர் சிரிக்கட்டும்!

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, தொழில்துறையில முன்னேறுவது எப்படின்னு பத்து நிமிஷம் பேசிடு" என்றார். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். நாலாவதாக நானும் முன்னேறினால் மேடை தாங்காது. அதனால் வேறு ஒன்றைப் பேச அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒரு நகரத்தில் முப்பது நாற்பது பேர் ஒன்று சேர்ந்து, யாருக்கும் பைசா லாபம் இல்லாத, அர்த்தமே இல்லாத ஒரு காரியத்தைப் பொது இடத்தில் திட்டம் போட்டுச் செய்வது. இதற்கும் இன்ஜினீயரிங்குக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கலாம். உண்டு. ராகிங்குக்கும் சம்பந்தம் உண்டு.

வேலை நிமித்தமாகச் சில வருடங்கள் கலிஃபோர்னியாவில் இருந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் வருடா வருடம் மே மாதம் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கும். 1912இல் ஆரம்பித்தது. கிழக்கே விரிகுடாக் கரையில் கிளம்பி மேற்கே பசிபிக் கடற்கரை வரை சுமார் 12 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான பேர் ஓடுவார்கள். நான் ஓடுகிற ஜாதி இல்லை. ஓரத்தில் நின்று கை தட்டுகிற ஜாதி. அப்படி நின்றுகொண்டிருந்தபோது, எதிர்த் திசையிலிருந்து ஒரு மீன் கூட்டம் வந்தது. தலை முதல் முழங்கால் வரை மீன் வேடம் போட்ட மனிதர்கள். கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து மேலே ஏறி வருகிறார்கள். சால்மன் மீன் முட்டையிட ஆற்றின் எதிரே நீந்திப் போகும் அல்லவா, அதுதான் வேஷம். நம் ஊரில் புதுத் தண்ணீர் வந்தால் வாய்க்காலில் மீன் எதிரேறுமே, அந்த மாதிரி. ஓடி ஓடிக் களைத்தவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. யாருக்கும் இடித்துக்கொள்ளவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. மீன்கள் போய்விட்டன; பந்தயம் பாட்டுக்கு நடந்தது.

இது யார் வேலை என்று விசாரித்தேன். அந்த ஊரில் இதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. 1977இல் கேரி வார்ன் என்பவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கோல்டன் கேட் பாலத்தின் அடியில் ஒரு பழைய கோட்டை உண்டு. ஒரு புயல் இரவில் அந்தக் கரைச் சுவரின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அலையில் நனைந்தபோது பிறந்த யோசனையாம் அது. சங்கத்தின் பெயர் 'சூசைட் கிளப்'. பெயர்தான் பயங்கரம். ஸ்டீவன்சன் எழுதிய கதைகளிலிருந்து எடுத்தது. உயிரை விடுவதற்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பாலத்தின் மீது ஏறுவது, சாக்கடைச் சுரங்கத்துக்குள் நடப்பது, வேஷம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது என்று ஐந்து வருடம் நடத்தினார்கள். பாலம் ஏறியதை நான் சிலாகிக்க மாட்டேன். அந்தக் கோபுரம் தண்ணீரிலிருந்து 227 மீட்டர் உயரம். கை வழுக்கினால் வேடிக்கை அங்கேயே முடிந்தது. அதில் சாகசம் உண்டு, விளையாட்டு குறைவு என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கிளப் 1982இல் கலைந்தது. 1986இல் அதன் பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து 'கேகஃபனி சொசைட்டி' ஆரம்பித்தார்கள். தமிழில் அபஸ்வர சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். தலைவர் கிடையாது, சந்தா வசூல் கிடையாது. 'நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கக் கூடும்' என்பதுதான் அவர்கள் விளம்பரமே. யாருக்கு யோசனை வருகிறதோ அவரே அந்த நிகழ்ச்சிக்குப் பொறுப்பு. மாதாந்திரச் செய்தித்தாளில் இடம், நேரம் போட்டுவிடுவார். நம் சங்கத்தில் ஒரு சிறப்பு மலர் போட எத்தனை கமிட்டி கூட்டுகிறோம் என்று செயலாளர் அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்! நெவாடா பாலைவனத்தில் இப்போது 70,000 பேர் வரைக்கும் கூடுகிற 'பர்னிங் மேன்' இருக்கிறதே, அதன் பாலைவன வாழ்க்கை இந்தச் சங்கத்து ஆட்களோடுதான் தொடங்கியது. கடற்கரையில் மர பொம்மையை எரிக்க 1990இல் போலீஸ் அனுமதிக்கவில்லை. பிறகு நூறு பேருக்கும் குறைவான கூட்டம் ஒன்று பொம்மையை லாரியில் ஏற்றிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விட்டது.

சரி, ராகிங் எங்கே வருகிறது?

எங்கள் பேட்சில் ஒருவன் இருந்தான். முதலாண்டில் ஒரு ராத்திரி, விடுதி வராண்டா எவ்வளவு நீளம் என்று தீக்குச்சியால் அளக்கச் சொன்னார்கள். முட்டி போட்டுக்கொண்டு அளந்தான். பாதியில் ஒருவர் வந்து, "எத்தனை எண்ணினே? மறந்துட்டியா? முதல்லேருந்து அள" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. இன்றைக்கு இந்த அரங்கில் எங்கள் பேட்சுக்குப் போட்டிருக்கிற நாற்காலிகளில் அவனுக்கு ஒன்று இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தீக்குச்சியால் வராண்டாவை அளப்பது எவ்வளவு அர்த்தமில்லாத காரியமோ, மீன் வேஷம் போட்டு எதிரே ஓடுவதும் அவ்வளவு அர்த்தமில்லாத காரியம்தான். இரண்டிலும் கூட்டம், இரண்டிலும் சிரிப்பு. ஆனால் மீன் தானாக வேஷம் போட்டது. வேண்டாம் என்றால் சந்தில் திரும்பி வீட்டுக்குப் போகலாம். பார்க்கிறவனும் பார்க்கலாம், பார்க்காமல் போகலாம். தீக்குச்சிக்காரனுக்கு அந்த வழி எதுவும் கிடையாது. பத்து பேர் சேர்ந்து ஒருவனை வேடிக்கைப் பொருள் ஆக்குவதற்கு மூளையே தேவையில்லை, எண்ணிக்கை போதும். பத்து பேரும் தங்களையே வேடிக்கைப் பொருள் ஆக்கிக்கொண்டு, வழியில் போகிற ஒருவரைச் சிரிக்க வைப்பதற்குத்தான் மூளை வேண்டும்.

1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகு, 1997இல் தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் வந்தன. சட்டம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் நாலு பேர் சேர்ந்தால் ஏதாவது கூத்து அடிக்கணும் என்று கை துறுதுறுக்கிறதே, அதைச் சட்டம் என்ன செய்யும்? அதற்கு ஒரு நல்ல வேலை கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

நல்ல வேலை என்றால் எப்படி? நியூயார்க்கில் சார்லி டாட் என்பவர் 2001இல் ஆரம்பித்த 'இம்ப்ராவ் எவ்ரிவேர்' என்ற குழுவைப் பார்த்தால் தெரியும். (கால்சட்டை இல்லாமல் சுரங்க ரயிலில் போன கதையை முதல்வர் முன்னிலையில் நான் விவரிப்பதாக இல்லை.) 2006இல் ஏறக்குறைய 80 பேர் நீலச் சட்டையும் காக்கி பேன்ட்டும் போட்டுக்கொண்டு 'பெஸ்ட் பை' என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் போனார்கள். அந்தக் கடை ஊழியர் சீருடையும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே போய் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவுதான் எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளர் ஏதாவது கேட்டால், தெரிந்தால் மரியாதையாக உதவு. இங்கே வேலை செய்கிறாயா என்று கேட்டால், இல்லை என்று உண்மையைச் சொல். கடைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். வந்த போலீஸ், சட்டத்தை மீறாத வரை தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றது. நீலச் சட்டை போடுவது குற்றமா என்ன!

2008இல் அதே குழு கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 207 பேரை ஒரே நொடியில் சிலை மாதிரி உறைய வைத்தது. ஒருவர் காகிதக் கட்டைக் கீழே கொட்டிவிட்டு, பொறுக்கக் குனிந்தபடியே நின்றுவிட்டார். ஆனால் நிலையத்து வண்டி ஓட்டுகிற ஒரு தொழிலாளிக்குச் சிலைகளுக்கு நடுவே வழி கிடைக்கவில்லை. தம்பிகளே, நம்ம கவனம் அங்கேதான் இருக்கணும். நம் கூத்தினால் ஒருவர் வேலை தடைப்படுகிறது. அதை ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்கள், அதனால் சிரிப்போடு போயிற்று. அரை மணி நேரம் நின்றிருந்தால் அது விளையாட்டு இல்லை, மறியல். எந்த டிசைனிலும் பாதுகாப்புக் காரணி வைக்கிறோம் இல்லையா? இதில் நேரம்தான் அது.

கெட்டுப் போன உதாரணமும் உண்டு. 1974இல் கோபன்ஹேகனில் சோல்வோக்னென் என்ற நாடகக் குழுவினர் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் கடைக்குள் புகுந்து, அலமாரியில் இருந்த பொருள்களை எடுத்து வாடிக்கையாளர்களுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். தாத்தாக்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனதைக் குழந்தைகள் பார்த்தார்கள். அந்தக் கதையால் உந்தப்பட்டு 1994இல் சான் பிரான்சிஸ்கோ அபஸ்வரக்காரர்கள் சில டஜன் தாத்தாக்களை ஊருக்குள் விட்டார்கள். பல ஊர்களுக்குப் பரவியது. பரவப் பரவ, வேஷம் மட்டும் மிஞ்சி, பார் பாராகப் போய்க் குடிப்பது என்று ஆனது. நியூயார்க் புறநகர் ரயில்களில் அந்த வாரக் கடைசிக்கு மது கொண்டுவரவே தடை போட வேண்டி வந்தது. யோசனை வேண்டாம், ஒரு சிவப்புச் சட்டையும் பாட்டிலும் போதும் என்று வந்தபோதே அது செத்துவிட்டது.

அதெல்லாம் அமெரிக்காவில், நம் நாட்டில் நடக்குமா என்பீர்கள். 2003 அக்டோபரில் மும்பை கிராஸ்ரோட்ஸ் மாலில் இளைஞர்கள் ஒரு 'ஃபிளாஷ் மாப்' நடத்தினார்கள். திடீரென்று கூடி, கூச்சல் போட்டு, ஆடிவிட்டுக் கலைந்தார்கள். அந்த ஊரில் ஆகஸ்டில்தான் குண்டு வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். போலீஸ் தடை போட்டது. போலீஸைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காரணம் தெரியாமல் ஒரு கூட்டம் கூடினால் அன்றைக்கு அந்த ஊர் என்ன நினைக்கும்? அதே மும்பையில் 2011 நவம்பர் 27ஆம் தேதி, சிஎஸ்டி ரயில் நிலையத்தில் சுமார் 200 பேர் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். 2008 நவம்பர் 26இல் துப்பாக்கிச் சூடு நடந்த அதே நிலையம். இந்தத் தடவை ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். அனுமதி வாங்கினால் சுவாரசியம் போய்விடும் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அதிகாரிக்குத் தெரிந்தால் போதும், பயணிக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அடுத்த வருடச் சந்திப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, நம் ஊர்ப் பூங்காவில் முப்பது பழைய மாணவர்கள் உட்கார்ந்து அரியர் பரீட்சை எழுதப் போகிறோம். நரைத்த தலை, தொப்பை, கையில் பரீட்சை அட்டை. முதலாண்டு போட்டோ ஒட்டிய ஹால் டிக்கெட் கட்டாயம். அந்த முடியோடு இந்தத் தலையை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பார்க்கப் போவது யார் தெரியுமா? முதலாண்டு மாணவர்கள். அவர்கள்தான் இன்விஜிலேட்டர். சீனியர் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்தால் எழுப்பி வேறு பெஞ்சில் உட்கார வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அந்த வேலையும் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். பேட்சிலிருந்து யாரையும் பிடித்து அனுப்பக் கூடாது. யாராவது வந்து, "என்ன சார் நடக்குது?" என்று கேட்டால், "விளையாட்டு சார், நீங்களும் எழுதுறீங்களா?" என்று ஒரு அடிஷனல் ஷீட்டும் நூலும் நீட்ட வேண்டும். நடைபாதையை மறைக்கக் கூடாது. குழந்தைகளின் ஊஞ்சல் பக்கம் போகக் கூடாது. இருபது நிமிடத்தில் மணி அடிக்கும். அடித்ததும் பேப்பரைக் கட்டி, குப்பையைப் பொறுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். நகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. மழை வந்தால் மறு வாரம்.

தீக்குச்சி நண்பனின் முகவரியை இப்போதுதான் தேடிப் பிடித்தேன். அவனுக்கும் ஒரு ஹால் டிக்கெட் அனுப்பப் போகிறேன். வருவதும் வராததும் அவன் இஷ்டம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடிக்கலாம். பேனா அவரவர் கொண்டு வரவும். ஹாலில் இரவல் கிடையாது.