அழைப்புக்குக் காத்திருந்த ஆட்டக்காரர்



பனிக்கட்டியின் மீது சறுக்கியபடி ஆடும் ஹொக்கியைப் பற்றி மொனராகலை வெயிலில் நாம் பேசுவது சிலருக்கு வேடிக்கையாயிருக்கலாம். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நெருங்கிய சங்கதி ஒன்று அதில் உண்டு.

கனடாவின் வான்கூவர் தீவில் டங்கன் என்றொரு சிற்றூர். அதனருகே உள்ள பால்டி என்னும் குடியிருப்பு, மரம் அரியும் ஆலைகளில் உழைக்கச் சென்ற பஞ்சாபியரால் உண்டானது. நம் மூதாதையர் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்ததைப் போலவே அவர்களும் கடல் கடந்தவர்கள். 1966-இல் டங்கனில் பிறந்த ரொபின் பாவா 1989-இல் வாஷிங்டன் அணியில் இறங்கினார். வட அமெரிக்காவின் தலைசிறந்த தேசிய ஹொக்கி லீக்கில் ஆடிய முதல் இந்திய வமிசத்தவர் அவரே.

அந்த வாசல் எளிதில் திறக்கவில்லை. 1986-87 பருவத்தில் கம்லூப்ஸ் இளைஞர் அணிக்காக 57 கோல்கள் போட்டவர் அவர். இருந்தும், ஆண்டுதோறும் இளைஞரைப் பொறுக்கியெடுக்கும் தெரிவில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. தனி ஒப்பந்தத்தில் சேர்ந்து, ஃபோர்ட் வேய்ன், பால்டிமோர் என்று சிறு லீக் ஊர்களில் ஆடினார். மேலே யாருக்கேனும் காயமென்றால் அழைப்பார்கள்; காயம் ஆறியதும் கீழே அனுப்பிவிடுவார்கள். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்களா என்று நின்ற நம் கைக்காசுத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

அவர் வலப்புற முன்னணி ஆட்டக்காரர். ஆயினும் மேலே சென்றபோது, தம் அணியின் பெரிய ஆட்டக்காரரை முட்டித் தள்ள வருவோருடன் மல்லுக்கு நிற்பதே அவர் பங்காயிற்று. கைதட்டு அவர்களுக்கு, காயம் இவருக்கு.

வாஷிங்டனில் 5 ஆட்டம், வான்கூவரில் 2, சான் ஹொசேயில் 42, அனஹைமில் 12, ஆக 61. போட்ட கோல் 6. சான் ஹொசே அணி 1992-93 பருவத்தில் 84 ஆட்டங்களில் 71-ஐத் தோற்றது! தோற்ற மறுநாட் காலையிலும் சறுக்குச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமே. வென்றவருக்கு நாம் மாலை போடுகிறோம். இதற்கு யார் போடுவார்?

1994-க்குப் பின் மேலிடத்து அழைப்பு வரவில்லை. அவரோ சிறு லீக்குகளில் மேலும் சில ஆண்டுகள் ஆடிக்கொண்டிருந்தார்.

நம் சங்க உதைபந்தாட்ட அணியிலும், சென்ற பருவம் முழுவதும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு. "ஆடி என்னத்தைச் சம்பாதித்தாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இருவர் வராமலே நின்றுவிட்டனர். வரும் ஞாயிறன்று அவர்களுடைய லயத்துக்கு நாம் போகவிருக்கிறோம். பெரியோர் சிலரும் உடன் வந்தால், தகப்பன்மாரிடம் பேச வசதியாயிருக்கும்.