பன்றியின் உடலும் மூளைக்காய்ச்சல் நச்சுயிரும்



புணே நகரில் டாக்டர் அம்பேத்கர் சாலை வழியே செல்லும் தமிழர் பலர் தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தைக் கண்டிருப்பர். 1952-இல் நச்சுயிர் ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றிய அதற்கும் நம் வட ஆர்க்காட்டிற்கும் பழந்தொடர்பு உண்டு. 1955-இல் வேலூர்ப் பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று குருதிச் சோதனையால் நிறுவியவர்கள் இந்நிலையத்தார்.

வயல்நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுதான் இந்நச்சுயிரைப் பரப்புகிறது. பன்றியின் குருதியில் அது சில நாட்கள் மிகுதியாகப் பெருகும். பன்றியோ பெரும்பாலும் நோயுற்றதாகவே தோன்றாது. மனிதன் குருதியில் அவ்வளவு பெருகாமையால், நம்மிடமிருந்து கொசுவுக்கு அது தொற்றுவதில்லை.

நச்சுயிர் கொண்டுவருவது பத்துப் புரதங்களுக்கான குறிப்பு மட்டுமே. அவற்றைக் கோத்துத் தருபவை பன்றியின் உயிரணுவிலுள்ள ரைபோசோம்கள். அரிசியும் பாத்திரமும் இன்றி வந்து, நம் அடுப்பிலேயே சமைத்துண்ணும் விருந்தாளி போலும்! புதிய நச்சுயிர் வெளியேறுமுன், ஃபியூரின் என்னும் அணுப்புரதம் அதன் மேலுறைப் புரதம் ஒன்றை வெட்டவேண்டும். வெட்டாவிடில் அது அடுத்த அணுவைத் திறம்படத் தாக்காது. மறுபுறம், இன்டர்ஃபெரான் என்னும் புரதம் அண்டை அணுக்களை எச்சரித்துக் காக்கிறது.

உதவும் புரதம் எது, தடுக்கும் புரதம் எது என்ற ஆராய்ச்சி வீணன்று. இந்நோய்க்குத் தனி மருந்து இன்னும் இல்லை. தடுப்பூசி உண்டு. கோலாரில் கிடைத்த நச்சுயிரைக் கொண்டு இந்நிறுவனத்தின் துணையுடன் உருவான ஊசிக்கு 2013-இல் உரிமம் கிடைத்தது. குழந்தைகளுடன் ஊருக்குப் புறப்படுவோர், அவ்வூசி தேவையா என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.