கடல் எழுதியதும் கரை எழுதியதும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'இலக்கியமும் அறிவியலும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். மிகப் பரந்த பொருள் அது. அதனை ஓர் ஆராய்ச்சியாளரின் பணியோடு சுருக்கிக்கொள்ள விரும்புகிறேன். அவர் ஜப்பானியப் புவி இயற்பியலறிஞர் கென்ஜி சதாகே. நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் ஆராய்ந்தவரைப் பற்றி இலக்கிய மேடையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அவர் பெயரை உலகறியச் செய்த கண்டுபிடிப்பு ஊர்த்தலைவர்களும் வணிகர்களும் எழுதிவைத்த பழம்பதிவுகளிலிருந்து பிறந்தது. ஏடு படிப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதில் பாடம் உண்டு.

1983ஆம் ஆண்டு மே 26 அன்று ஜப்பான் கடலில் ஒரு பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. மாண்டோர் 104 பேர். அவர்களுள் 100 பேரைக் கொண்டது அலை. கடற்கரைக்குச் சுற்றுலா வந்திருந்த தொடக்கப்பள்ளிச் சிறார் 13 பேரும் அவர்களுள் அடங்குவர். அந்த அலையின் பதிவுகள் சதாகேயின் தொடக்ககால ஆய்வுகளுக்குப் பொருளாயின.

துறைமுகங்களில் நீர்மட்டத்தை இடையறாது குறித்துவரும் கருவிக்கு ஓதமானி என்று பெயர். ஓதமானி வரைந்த கோட்டின் ஏற்ற இறக்கங்களைக் கொண்டு, கடலடித் தளத்தில் எப்பகுதி எவ்வளவு அசைந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடும் முறையை 1980களில் அவர் வகுத்தார். நம் உரையாசிரியர்கள் அகப்பாடலின் கூற்றைக் கொண்டு, கூறியவர் யார், கேட்டவர் யார், நிகழ்ந்தது என்ன என்று துறை வகுத்தார்கள் அல்லவா? ஏறத்தாழ அத்தகைய பணியே இது. கரையில் கேட்டதைக் கொண்டு கடலுக்கடியில் நிகழ்ந்ததை உணர்வது.

இனி அவருடைய பெரும்பணிக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி, கலிஃபோர்னியாவின் வடபகுதியிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, சுமார் 1000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கஸ்கேடியா என்னும் கடலடிப் பிளவு கிடக்கிறது. எழுதப்பட்ட வரலாற்றில் அங்குப் பெருநடுக்கம் நேர்ந்ததாகக் குறிப்பே இல்லை. ஆதலின் அது அமைதியான பிளவு என்று பலர் நம்பினர். 1987இல் பிரையன் அட்வாட்டர் என்னும் அமெரிக்க நிலவியலர் வேறொன்றைக் காட்டினார். வாஷிங்டன் மாநிலத்தின் கழிமுகங்களில், புல் வளர்ந்திருந்த பழைய தரை திடுமெனத் தாழ்ந்து, அதன்மேல் கடல்மணலும் சேறும் படிந்திருந்தன. கோபாலிஸ் ஆற்றங்கரையில் உவர்நீர் புகுந்து செத்த செந்தேவதாரு மரங்கள் இன்றும் பட்டுப்போய் நிற்கின்றன. இவையெல்லாம் சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை என்று கரிமக் கணிப்பு கூறிற்று. ஆனால் எந்த ஆண்டு, எந்த நாள், எவ்வளவு பெரிய நடுக்கம் என்பவற்றைச் சேறு சொல்லவில்லை.

விடை கடலுக்கு அப்பால், ஜப்பானியப் பதிவேடுகளில் இருந்தது. கென்ரோகு 12ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் திங்கள், எட்டாம் நாள்; நம் கணக்கில் 1700 சனவரி 27, 28. வடகிழக்குக் கரையின் குவகசாகி என்னும் சிற்றூரில் நள்ளிரவில் கடல் புகுந்து 13 வீடுகளை அழித்தது. அவ்வேளை எழுந்த தீயில் வேறு 20 வீடுகள் எரிந்தன. தெற்கே நகமினாத்தோ அருகே, அரிசி ஏற்றிவந்த படகொன்று அலையால் துறைமுகத்துக்குள் நுழைய இயலாமல் வெளியே நின்று, பின்னர்ப் புயலில் சிக்கி அழிந்தது. இழப்புக்குச் சான்றாக எழுதித் தந்த முறி இன்றும் உள்ளது. மிஹோ என்னும் ஊரின் தலைவர், நிலம் நடுங்காமலே நீர் ஏறிய விந்தையை வியப்போடு குறித்துவைத்தார். நடுக்கமின்றி வந்ததால், பெற்றோரை அறியாத அலை என்னும் பொருளில் பிற்கால ஆய்வாளர் அதனை 'அநாதை அலை' என்று வழங்கினர்.

சதாகேயும் உடனாய்வாளர் மூவரும் இக்குறிப்புகளை ஒன்றுசேர்த்து நோக்கினர். அலை எங்கிருந்து வந்திருக்கக்கூடும்? தென் அமெரிக்கா எனில், அக்கரையைப் பற்றி ஸ்பானியர் எழுதிய குறிப்புகளில் அந்நாளில் அத்தகைய நடுக்கம் இல்லை. பிற கரைகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாக விலக்கிவர, எஞ்சியது கஸ்கேடியா. பசிபிக் பெருங்கடலைக் கடக்க அலைக்கு ஏறத்தாழ 10 மணிநேரம் வேண்டும். அதைக் கழித்தபோது அங்கே 1700 சனவரி 26, இரவு சுமார் 9 மணி. நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 9. இம்முடிவு 1996இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே, செத்த தேவதாருக்களின் வேர்களில் வளையங்களை எண்ணியவர்கள், அம்மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையே மாண்டன என்று உறுதிசெய்தனர். மரம் சொன்ன பருவமும் ஊர்த்தலைவர் எழுதிய நாளும் ஒத்துப்போயின.

மூன்றாவது சான்று ஒன்றும் உண்டு. வான்கூவர் தீவின் பச்சீனா விரிகுடாவில் வாழ்ந்த ஹூ-ஆய்-ஆட் மக்கள், இரவில் நிலம் நடுங்கியதையும் தாழ்ந்த கரையிலிருந்த ஊர் முழுதும் கடலில் போனதையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தனர். இடிப்பறவையும் திமிங்கிலமும் போரிட்டதால் நிலம் அதிர்ந்தது என்னும் கதை அக்கரை மக்கள் பலரிடையே வழங்குகிறது. அறிவியலார் நெடுங்காலம் இவற்றைச் செவிமடுக்கவில்லை. காரணமும் புரிகிறது. கதையில் துயரம் இருந்தது, நாள் இல்லை. ஜப்பானியப் பதிவில் நாளும் நாழிகையும் இருந்தன, காரணம் இல்லை. இரண்டும் சேர 296 ஆண்டுகள் ஆயின. சேர்ந்ததன் பயன் சிறிதன்று. வாஷிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் ஊரில், ஆழிப்பேரலை வந்தால் ஊரார் ஏறி நிற்பதற்கென்றே கூரை அமைத்த பள்ளி ஒன்று 2016இல் திறக்கப்பட்டது. யாரென்றே அறியாத ஜப்பானியச் சிற்றூர்த் தலைவர்களின் எழுத்து, கடல் கடந்து அக்குழந்தைகளுக்குத் துணை நிற்கிறது.

ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? கி.பி. 869இல் செந்தாய்ச் சமவெளியில் கடல் புகுந்து ஏறத்தாழ ஆயிரவர் மாண்டதை, 901இல் முடிவுற்ற ஜப்பானிய அரச வரலாறு குறிக்கிறது. அவ்வலை கொணர்ந்த மணல்படிவத்தைக் கொண்டு சதாகேயும் உடனாய்வாளரும் 2008இல் அதன் பரப்பைக் கணித்தனர். 2009இல் ஒகமுரா யுகினோபு என்னும் நிலவியலர், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் பாதுகாப்பை ஆராய்ந்த அரசுக்குழுவில் அப்பழைய அலையை நினைவூட்டினார். நிலையமோ சுமார் 5.7 மீட்டர் அலையை எண்ணியே காக்கப்பட்டிருந்தது. 2011 மார்ச் 11 அன்று வந்த அலை அதனினும் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. மாண்டோரும் காணாமற்போனோரும் 18,000க்கு மேற்பட்டோர். எழுத்து இருந்தது, ஆய்வும் இருந்தது, கேட்கும் காலம் போதவில்லை.

கவிஞர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. அச்சமவெளியின் தகஜோ நகரில் சுயே-நோ-மட்சுயாமா என்னும் சிறு குன்று உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கொக்கின்ஷூ என்னும் பாடற்றொகை முதலாக, அலை அக்குன்றைக் கடப்பது நடவாத செயலுக்கு உவமையாக, காதலர் சூளுரையில் இடம்பெற்று வருகிறது. 2011இல் அலை அதன் அருகே வந்தது, குன்றைக் கடக்கவில்லை. அவ்வுவமை 869ஆம் ஆண்டு அலையின் நினைவாக இருக்கலாம் என்று கருதுவோர் உளர். ஆயிரம் ஆண்டுகள் பாடினர். பாட்டில் ஓர் எல்லைக்கல் இருக்கலாம் என்று எண்ணினோர் மிகச் சிலர்.

நம் நிலை என்ன? கடல்கோள் என்ற சொல்லே நம்மிடம் உண்டு. இறையனார் களவியலுரையும் மணிமேகலையும் கடல் கொண்ட ஊர்களைக் கூறுகின்றன. அவற்றைப் பெருமைக்கு எடுத்துக்காட்டினோம், எச்சரிக்கையாகப் படித்தோமில்லை. கருவிப்பதிவும் நம்மிடம் இல்லாமலில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நேர்ந்த நடுக்கத்தின் அலை, சென்னை உள்ளிட்ட துறைமுகங்களின் ஓதமானிகளில் பதிவாயிற்று. அப்பதிவுகளைக் கொண்டு இரு ஆய்வாளர் எழுதிய கட்டுரை 2003இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 26 வந்தது. சுமத்ராவிலிருந்து நம் கரையை அடைய அலைக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. எச்சரிக்கும் அமைப்பு அன்று இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007இல்.

அன்பர்களே, 2004க்குப் பின் நம் கவிஞர்கள் எழுதிய இரங்கற்பாக்கள் எண்ணிலடங்கா. அவற்றைக் குறைகூற வரவில்லை. அழாத மொழி மொழியாகாது. ஆனால் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் அன்று நீர் எம்மட்டும் ஏறியது, எத்தனை முறை வந்தது, முதலில் கடல் உள்வாங்கியதா, யார் எங்கு ஓடிப் பிழைத்தனர் என்பவற்றைக் கண்டவர் வாய்மொழியாகவே, நாளும் நாழிகையும் இடமும் குறித்து எழுதிவைத்தோமா? அன்று கண்டவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். இவ்வட்டம் தன் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாக இதனை ஏற்கவேண்டும் என்று வேண்டுகிறேன். உவமை வேண்டாம், தெருப்பெயர் போதும். எந்த வீட்டின் எந்தப் படிவரை நீர் நின்றது என்று எழுதினால் போதும். படிக்கவேண்டியவர் 300 ஆண்டு கழித்தும் வரலாம்.