முதலில் இலையைப் போடுங்கள்!

வணக்கத்துக்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் பசியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, (சிரிப்பு) அவனியாபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் உறவுகளே!

மூன்று நாள் பாரிஸ் போகிறோம். முதலில் முடிவு செய்ய வேண்டியது எதைப் பார்ப்பது என்பதையா, எங்கே சாப்பிடுவது என்பதையா? இதுதான் தலைப்பு. ஜல்லிக்கட்டு நடக்கிற ஊரில் என்னய்யா பாரிஸ் என்று யாரும் கேட்க மாட்டீர்கள். விமான நிலையம் உங்களுக்குப் பக்கத்தில். மாடியில் துணி காயப் போடும்போதே தலைக்கு மேலே விமானம் போகிறது. பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில். "அப்பா, அம்மா, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிடுகிறார்கள். அதனால் இது உங்கள் வீட்டுத் தலைப்புதான்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "ஈபிள் கோபுரத்தைப் பார்க்கப் போனவன் இட்லியைத் தேடலாமா?" கேட்க நன்றாக இருக்கிறது. கைதட்டினீர்கள். ஆனால் ஐயா, பயணத்துக்கு வழிகாட்டும் நூல் என்றால் தமிழனுக்கு என்ன தெரியுமா? ஆற்றுப்படை. பரிசு வாங்கிய பாணன் எதிரே வருகிற ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். எப்படிச் சொல்கிறான்? சிறுபாணாற்றுப்படையில், கடற்கரை ஊருக்குப் போனால் சுட்ட மீன் கிடைக்கும், மருத நிலத்து ஆமூருக்குப் போனால் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் என்கிறான். பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் வீட்டில் மாதுளங்காயைக் கறிவேப்பிலை போட்டு வெண்ணெயில் வேகவைத்துத் தருவார்கள், தொட்டுக்கொள்ள மாவடு உண்டு என்கிறான். மாவடு! (கைதட்டல்) ஊருக்கு ஊர் அந்த நிலத்தின் அழகையும் சொல்கிறான், சோற்றையும் சொல்கிறான். ஏன்? கேட்கிறவன் பசித்தவன். பசித்தவனுக்கு வெறும் அழகைச் சொன்னால் அடுத்த அடி எடுத்து வைப்பானா?

சரி, அது இரண்டாயிரம் வருஷக் கதை என்பார்கள். நூற்று முப்பது வருஷத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1889-இல் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி. அதற்காகக் கட்டியதுதான் ஈபிள் கோபுரம். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய இளைஞர் அதைப் பார்க்கக் கிளம்பினார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. எப்படித் திட்டம் போட்டார்? பாரிசில் சைவச் சாப்பாட்டுக் கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டார். அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஏழு நாள் தங்கினார். அப்புறம்தான் கையில் வரைபடம். பெரும்பாலும் நடந்தே ஊரைச் சுற்றினார். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். கண்காட்சியைப் பற்றி என்ன நினைவு? பெரிசு, பலவிதம், அவ்வளவுதான், வேறொன்றும் நினைவில் இல்லை என்கிறார். ஆனால் ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்தில் ஓர் உணவகம் இருந்தது. உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஏழு ஷில்லிங்கைத் தொலைத்தேன் என்பதை மட்டும் கணக்கோடு எழுதுகிறார். லண்டனில் சிக்கனம் பிடித்தபோது ஒரு நாள் சாப்பாட்டை ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் முடித்தவர் அவர். ஐந்து நாள் சாப்பாட்டுக்கு மேலே ஒரே மத்தியானத்தில்! (சிரிப்பு) அந்த முதல் தளம் 57 மீட்டர் உயரம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

எதிரணி இப்போது குறிப்பு எழுதுகிறார்கள். "நோத்ரதாம் தேவாலயத்தையும் அவர் மறக்கவில்லையே!" உண்மை. மறக்கவில்லை. உருகி எழுதியிருக்கிறார். 2019-இல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த அதே கோயில்தான். நான் மறுக்கவில்லை. சோற்றுக்கு முதல் நாளே வழி செய்துவிட்டதால் அல்லவா அவ்வளவு நிதானமாகக் கோயிலைப் பார்க்க முடிந்தது? (கைதட்டல்)

இப்போது என் கதை. நானும் என் வீட்டம்மாவும் போனோம். நான் முனைவர் பட்டம் வாங்கியவன். வாங்கியவன் சும்மா இருப்பானா? அட்டவணை போட்டேன். மூன்று நாள், பதினான்கு இடம். சாப்பாடு என்று ஒரு கட்டம்கூட இருந்தது. காலியாக! முதல் நாள் லூவருக்குப் போய் நின்றோம். செவ்வாய்க்கிழமை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. முனைவர் பட்டத்தில் அது பாடமாக இல்லை. (சிரிப்பு)

மறுநாள் வேறொரு காட்சிக்கூடம். அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலை எட்டு மணிக்கு இரண்டு ரொட்டித் துண்டு, ஒரு மாத்திரை. பன்னிரண்டு மணிக்கு, "என்னங்க, ஏதாவது சாப்பிட்டுக்கலாமா?" என்றாள். அங்கிருந்த விலைப்பலகையைப் பார்த்தேன். ஒரு சூப் 12 யூரோ. நம் ஆளுக்கு யூரோவைப் பார்த்ததும் நூறால் பெருக்கத்தான் வரும். ஆயிரத்து இருநூறு ரூபாய்! "வெளியே போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது மூன்று மணி. மதுரை என்று நினைத்தேன். நடுராத்திரி ஒரு மணிக்கும் கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்கிற ஊர்க்காரன் நான். அந்த ஊரில் பல உணவகங்களில் மத்தியானச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு முடிந்துவிடும். மறுபடி அடுப்பு மூட்ட ஏழு மணி. நடுவில் ரொட்டிக் கடை திறந்திருக்கும், அது தெரிந்தவனுக்கு. தெரியாத நான் அவளை நடக்க வைத்தேன். நாலு தெரு. அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. பக்கத்துக் காப்பிக் கடைப் பையன் ஓடிவந்து சர்க்கரையும் தண்ணீரும் கொடுத்தான். அவன் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவனுக்குத் தெரியாது.

அவளுக்குத் தெளிந்ததும் நான் கோபப்பட்டேன். "பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" அவள் சொன்னாள்: "சொன்னேனே. நீங்க கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தீங்க."

(அமைதி)

தாய்மார்களே, முப்பது வருஷம் எனக்கு இலை போட்டுவிட்டு அப்புறம் சாப்பிட்டவள். பசியை எங்கே சொல்லணும், எங்கே முழுங்கணும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம் இருக்கிறது. அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டினி கிடக்கப் போவது அவர்கள்தான். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்து, அதில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார். முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். படியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு லா ஷப்பேல் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கம். 1983 கலவரத்துக்குப் பிறகு ஏதிலிகளாகப் போன ஈழத்தமிழர்கள் உண்டாக்கிய கடைத்தெரு. கடைகளில் தமிழ்ப் பலகை, முருங்கைக்காய், வாழைப்பூ. 1985 முதல் அங்கே மாணிக்க விநாயகர் கோயில் இருக்கிறது. தேர் வரும்போது பாரிஸ் தெருவில் தேங்காய் உடைகிறார்கள். நாங்கள் நுழைந்த சின்னக் கடையில் பெரியவர் ஒருவர், "வாங்கோ, இருங்கோ. களைச்சுப் போனியள் போல" என்றார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சொதி. அவள் இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். நான் விலையைக் கேட்கவே இல்லை. (கைதட்டல்)

ராத்திரி அட்டவணையைத் திருப்பி எழுதினேன். பதினான்கு இடம் ஐந்தானது. பன்னிரண்டரைக்கு மத்தியானச் சாப்பாடு. பையில் நீளமான ரொட்டி ஒன்று. அதைச் சுடுகிற கலையை 2022-இல் யுனெஸ்கோ பண்பாட்டுச் சின்னமாகச் சேர்த்திருக்கிறது, நம்பிச் சாப்பிடலாம். உணவகத்தில் புட்டித் தண்ணீருக்குக் காசு, ஜாடித் தண்ணீர் கேட்டால் இலவசம். மூன்றாம் நாள் ஈபிள் கோபுரத்தை ஏறாமல் கீழே புல்வெளியில் உட்கார்ந்து பார்த்தோம். இருட்டியதும் விளக்கு மின்னியது. "நல்லா இருக்குங்க" என்றாள். அந்த மூன்று நாளில் அவள் அப்படிச் சொன்னது அப்போதுதான்.

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது. மேடைக்குப் பின்னால் விழாக் குழுவினர் பொங்கல் கிளறுகிற வாசனை எனக்கு வந்துவிட்டது. எதிரணிக்கும் வந்திருக்கும். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.