ஆயா பார்க்காத மழை

(தலைப்பு: "வருங்கால மழையையும் வெயிலையும் அறிந்துகொள்ளப் பெரிதும் கைகொடுப்பது முன்னோர் அனுபவமே! விஞ்ஞானிகளின் கணினியே!" அடி அண்ணாமலையில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், 'கணினியே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய பள்ளி ஆசிரியையின் உரை.)



நடுவர் அய்யா, மேடை போட்டவங்க யாரோ விவரமானவங்க. கிரிவலம் வரும்போது வருண லிங்கத்தைத் தாண்டினா அடி அண்ணாமலை. இதைத் தாண்டினா வாயு லிங்கம். மழைக்கும் காத்துக்கும் நடுவுல கொண்டுவந்து உட்கார வச்சுட்டு, 'மழையைப் பத்திப் பேசுங்க'ன்னு சொல்லிட்டாங்க. தப்பாப் பேசினா ரெண்டு பக்கமும் மாட்டிக்குவோம்! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய அண்ணன் அடுக்கிட்டே போனார். தும்பி தாழப் பறந்தா மழை. எறும்பு முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போனா மழை. சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். எறும்பு மேட்டுக்குப் போறதைப் பார்த்துட்டு, 2050-லே இந்த ஊர்லே எப்படி மழை பெய்யும்னு சொல்லுவீங்களா? அந்த எறும்புக்கு நாளைக்குக் காலையில சர்க்கரை டப்பா எங்கே இருக்கும்கிறதுதான் தெரியும். (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டுலேயும் ஒரு வானிலை நிலையம் இருந்ததுங்க. எங்க ஆயா. திண்ணையில உட்கார்ந்து மலை உச்சியைப் பார்ப்பாங்க. 'உச்சி மறைஞ்சு போச்சுடி, வரட்டியை உள்ளே எடுத்து வை' என்பாங்க. அரை மணி நேரத்துல சடசடன்னு பிடிக்கும். நான் ஆயாவைக் குறைச்சுப் பேசலே. ஆனா ஆயா எதை வச்சுச் சொன்னாங்க? எழுபது வருஷமாப் பார்த்த மழையை வச்சுச் சொன்னாங்க. இனிமே வரப்போற மழை, ஆயா பார்த்த மழை மாதிரி இருக்காதுன்னா ஆயா என்ன செய்வாங்க? அதுதான் இன்னைக்கு வழக்கே.

கணினின்னு சொன்னவுடனே எதிரணி அண்ணன் 'அது கிளி ஜோசியம்'னார். அய்யா, கிளி சீட்டைத்தான் எடுக்கும், கணக்குப் போடாது. இது கணக்கு. காத்து எப்படி நகரும், வெயில் எவ்வளவு சூடேத்தும், ஈரம் எப்போ மேகமாகும், இதுக்கெல்லாம் இயற்பியலில் சமன்பாடு இருக்கு. பூமியைச் சுத்தியிருக்கிற காற்றைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் போட்டுக் காலத்தை முன்னாலே நகர்த்திக்கிட்டே போகணும்.

இந்தக் கணக்கை முதல்லே போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்கிற ஆங்கிலேயர். முதல் உலகப் போர் நடக்குது. இந்த மனுஷன் துப்பாக்கி எடுக்க மாட்டேன்னுட்டு, பிரான்ஸ் போர்முனையிலே ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓட்டாத நேரத்துலே, 1910 மே 20-ஆம் தேதியோட வானிலையை எடுத்து வச்சுக்கிட்டு, 6 மணி நேரத்துலே காற்றழுத்தம் எவ்வளவு மாறியிருக்கும்னு கையாலேயே கணக்குப் போட்டார். 6 மணி நேர வானிலைக்கு வாரக்கணக்கா உழைப்பு! நடுவுலே கையெழுத்துப் பிரதியே தொலைஞ்சு போய், மாசக்கணக்குக் கழிச்சு பெல்ஜியத்துலே நிலக்கரிக் குவியலுக்கு அடியிலே கிடைச்சது. சரி, விடை என்ன வந்தது? அழுத்தம் 145 மில்லிபார் ஏறும்னு வந்தது. அன்னைக்கு நிஜத்திலே அழுத்தம் அசையவே இல்லை! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நம்மளா இருந்தா அந்த நோட்டை அடுப்புலே போட்டிருப்போம். அவர் 1922-லே அதைப் புத்தகமாவே போட்டார், தப்பான விடையையும் மறைக்காமல். அதோட ஒரு கனவும் எழுதினார். பெரிய அரங்கம் கட்டி 64,000 பேரை உட்கார வச்சுக் கணக்குப் போடச் சொன்னா, வானிலை ஓடற வேகத்துக்கு நாமும் ஓடலாம்னு. இன்னைக்கு நம்ம புனே நகரத்துலே, இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்துலே 'அர்கா'ன்னு ஒரு மீக்கணினி இருக்கு. 2024 செப்டம்பர்லே தொடங்கி வச்சது. உலகத்து மக்கள் 800 கோடிப் பேரும் சோறு தண்ணி இல்லாமல் நொடிக்கு ஒரு கணக்குப் போட்டா 17 நாள் ஆகிற வேலையை, அது ஒரே நொடியிலே முடிச்சிடும். (கைதட்டல்)

'அவ்வளவு வேகம் எதுக்கும்மா?' என்று அண்ணன் கேட்பார். அதைத்தான் தாய்மார்களுக்குப் புரியறாப்பல சொல்லப் போறேன். அண்ணனுக்கு அவங்க சொல்லித் தருவாங்க.

நாம வாசல்லே புள்ளிக் கோலம் போடறோம். நாலு புள்ளி வச்சுத் தேர்க்கோலம் போட முடியுமா? முடியாது. கட்டம் வரும், மிஞ்சிப்போனா ஒரு பூ வரும். தேருக்குச் சக்கரமும் கலசமும் தெரியணும்னா புள்ளியை நெருக்கி வைக்கணும். கணினிக் கணக்கும் அதேதான். நம்ம புனே விஞ்ஞானிகள் இந்தியாவிலேயே முதல்முதலா ஒரு புவி மாதிரியை உருவாக்கி, ஐ.நா. காலநிலைக் குழுவோட ஆறாவது அறிக்கைக்கான உலகக் கணக்குலே சேர்த்தாங்க. பெரிய சாதனை. ஆனா அதிலே புள்ளிக்குப் புள்ளி ஏறக்குறைய 200 கி.மீ. அப்படின்னா சென்னைக் கடற்கரையும் நம்ம மலையும் ஒரே கட்டத்துக்குள்ளே வந்துடலாம். மெரினாவுக்கும் அண்ணாமலைக்கும் ஒரே மழை! நியாயமா?

அண்ணா பல்கலைக்கழகத்துக் காலநிலை மாற்ற மையத்துலே தமிழ்நாட்டுக்குன்னே கணக்குப் போட்டாங்க. பிரிட்டன் ஹாட்லி மையம் உருவாக்கின 'பிரிசிஸ்' என்கிற மாதிரியை வச்சு 25 கி.மீ. கட்டம். நல்ல முன்னேற்றம். ஆனா ஒரு கட்டம் 625 சதுர கி.மீ. நம்ம கிரிவலப் பாதை 14 கி.மீ. சுத்து. அதுக்குள்ளே அடங்கின இடம் ஏறக்குறைய 16 சதுர கி.மீ.தான். மலையை இடிச்சு அந்தக் கட்டம் பூரா பரப்பினா ஒரு மாடி, ரெண்டு மாடி வீட்டு உயரம் தேறும். கோடிப் பேர் கும்பிடற மலை, கணினிக்கு ஒரு மாடி வீடு! (சிரிப்பு)

2025 மே மாதம் 'பாரத் முன்னறிவிப்பு முறை'ன்னு ஒண்ணு வந்தது. அது 6 கி.மீ. கட்டம். அது அடுத்த சில நாள் மழையைச் சொல்றது, ஐம்பது வருஷக் கணக்கு இல்லை. அதைக் கலந்து குழப்பக்கூடாது. ஆனா அந்த 6 கி.மீ.யிலேயும் பாருங்க, கிரிவலப் பாதை முழுசும் ஒரே கட்டத்துக்குள்ளே அடங்கிடும். அஷ்ட லிங்கமும் ஒரே புள்ளி! 1 கி.மீ. கட்டத்துக்கு வந்தால்தான் மலைக்கு இந்தப் பக்கம் அடி அண்ணாமலை, அந்தப் பக்கம் டவுன்னு கணினிக்குத் தெரிய ஆரம்பிக்கும். இடிமேகம் ஒண்ணு சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். கட்டம் பெருசா இருந்தா மேகம் அதுக்குள்ளே கரைஞ்சு போயிடும்; 'இவ்வளவு பெய்யலாம்'னு குத்துமதிப்பாப் போட வேண்டியிருக்கும். கட்டம் சின்னதானால் மேகமே கணக்குக்குள்ளே வந்துடும்.

அப்போ எல்லாத்தையும் 1 கி.மீ.யிலே போட்டுடலாமேன்னா, அங்கேதான் செலவு. புள்ளி இடைவெளியைப் பாதியாக்கினா நீளத்துலே ரெண்டு மடங்கு, அகலத்துலே ரெண்டு மடங்கு. காலத்தையும் பாதிப் பாதியா நகர்த்தணும், அது இன்னொரு ரெண்டு மடங்கு. ஆக எட்டு மடங்கு வேலை. 100 கி.மீ.யிலேர்ந்து 1 கி.மீ.க்கு வந்தா பத்து லட்சம் மடங்கு! அதனாலேதான் அய்யா அந்த வேகம். அது விஞ்ஞானிகளோட ஆடம்பரம் இல்லை.

இப்போ நான் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கிறேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிச்சு. ஏறினது போகலே, நின்னுடிச்சு. மயிலத்துலே ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. மறுநாள் கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஊத்தங்கரையிலே 50 செ.மீ. ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணி தென்பெண்ணையிலே சேர்ந்து, சாத்தனூர் அணையிலேர்ந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறக்க வேண்டி வந்தது. அதே டிசம்பர் 1 ஞாயித்துக்கிழமை சாயங்காலம், இந்த மலையோட அந்தப் பக்கம், வ.உ.சி. நகர்லே, மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரு வீட்டை மூடிடுச்சு. 7 பேர். அதுலே 5 பேர் குழந்தைங்க. அந்த வருஷம் டிசம்பர் 13 மகா தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடலே. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லே, நீங்கல்லாம் பார்த்தவங்க.

எதிரணி அண்ணன் எழுந்து 'அன்னைக்கு உன் கணினி எங்கேம்மா போச்சு?' என்று கேட்பார். கேக்கட்டும். நேர்மையாச் சொல்றேன்: எந்தப் பாறை எந்த நிமிஷம் உருளும்னு எந்த நாட்டுக் கணினியும் சொல்லாது. ஆனா நான் திருப்பிக் கேக்கறேன். அனுபவம் எங்கே போச்சு? அந்தச் சரிவிலே வீடு கட்டலாம்னு சொன்னதே அனுபவம்தானே அய்யா? 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலே, இனிமேலா ஆகப் போகுது'ங்கிறதுதானே அனுபவம்? (கைதட்டல்) வசதி இருக்கிறவன் சமதரையிலே மனை வாங்கிடறான். இல்லாதவன்தானே மலையைச் சாஞ்சுக்கிறான்.

இது அந்த ஏழை வீட்டோட நிக்கலே. நம்ம ஏரிக் கலங்கல், தெருக் கால்வாய், பாலம் எல்லாம் எப்படிக் கட்டறாங்க? பழைய மழைக் கணக்கைப் பார்த்து, 25 வருஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு பெய்யும், 100 வருஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு பெய்யும்னு பார்த்துக் கட்டறாங்க. அது எதிரணியோட நோட்டு! நாளைய மழையும் நேத்தைய மழை மாதிரியே இருக்கும்னு நம்பி எழுதின நோட்டு. ஆனா காத்து 1 டிகிரி சூடானா ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலா ஈரம் பிடிச்சு வைக்கும். 1901-லேர்ந்து 2018 வரைக்கும் இந்தியாவோட சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு மத்திய அரசு 2020-லே வெளியிட்ட அறிக்கை சொல்லுது. புகையைக் குறைக்காமலே போனா இந்த நூற்றாண்டு முடிவுலே 4.4 டிகிரி வரைக்கும் ஏறலாம்னும் அதே அறிக்கை சொல்லுது. அந்த வானத்துக்கு இந்த நோட்டு செல்லுமா? அந்த வானத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட ஆயா இல்லை. கணினிதான் இருக்கு.

ஒண்ணு ஒத்துக்கிறேன் நடுவர் அய்யா, இல்லேன்னா நீங்க தீர்ப்புலே குட்டுவீங்க. புள்ளியை நெருக்கினா மட்டும் உண்மை வந்துடாது. பெரிய கட்டத்துக் கணக்கே தப்பா இருந்தா, சின்னக் கட்டம் அந்தத் தப்பைத் தெளிவாக் காட்டும். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா பொய் உண்மையாயிடுமா? அதனாலே ஒரு கணினி சொன்னதை யாரும் எடுத்துக்கிறதில்லே. பல மாதிரிகளை ஓட விட்டு, எதிலே ஒத்துப்போகுது, எதிலே அடிச்சுக்குதுன்னு பார்க்கிறாங்க. நம்ம பட்டிமன்றம் மாதிரிதான். என்ன, அங்கே மைக்கைப் பிடுங்கறதில்லே. (சிரிப்பு)

இன்னொண்ணு. கணினி போட்ட கணக்கு சரியான்னு பார்க்க, பெய்த மழையோட அளவு வேணும். அது தரையிலேர்ந்துதான் வரணும். எங்க பள்ளிக்கூடத்துலே பிள்ளைகளை வச்சு ஒரு பாட்டிலும் புனலும் கொண்டு மழை அளக்கிறோம். பெரிய கருவி ஒண்ணும் இல்லை. 10 செ.மீ. வரைக்கும் கோடு போட்டு வச்சிருந்தோம். 'இதுக்கு மேலே எங்கே பெய்யப் போகுது'ன்னு கோடு போட்டதே நான்தான். ஃபெஞ்சல் முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு ஏழாம் வகுப்புப் பொண்ணு ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்து, 'மிஸ், எவ்வளவுன்னு எழுதறது?'ன்னு கேட்டுச்சு. பாட்டில் வழிஞ்சு கிடக்கு. எவ்வளவு பெஞ்சதுன்னு எங்க நோட்டிலே கணக்கே இல்லை. அந்தப் பக்கத்துலே இன்னைக்கும் 'வழிந்தது' என்றுதான் எழுதியிருக்கு.

இயற்பியல் படிச்சவ நான். எல்லாத்தையும் படிச்சுட்டு, கோடு போடும்போது மட்டும் ஆயா மாதிரி போட்டிருக்கேன்.

மணி அடிச்சிட்டீங்க, புரியுதுங்க அய்யா. போன வருஷம் வேற பாட்டில் வாங்கியாச்சு. 60 செ.மீ. வரைக்கும் கோடு போட்டாச்சு. அந்தப் பொண்ணுதான் போட்டுச்சு. (கைதட்டல்)