பூட்டிய கதவுகளுக்குள் கூட்டுச் சிகிச்சை

குற்றம் புரிந்த ஒருவர் மனநோயாளராகவும் இருப்பின், அவரை எங்கே வைப்பது? சிறை தண்டனைக்குரிய இடம். சாதாரண மருத்துவமனையிலோ காவல் போதாது. இவ்விரண்டுக்கும் இடையே தோன்றியவையே காவல் மிகுந்த மனநோய் மருத்துவமனைகள். இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிராட்மூர் அவற்றுள் ஒன்று.

பூட்டு ஊரைக் காக்கும், நோயைத் தீர்க்காது. நோய் தீர்க்கும் வழிகளுள் ஒன்று கூட்டுச் சிகிச்சை. நோயாளர் சிலர் வட்டமாக அமர்ந்து, மருத்துவர் முன்னிலையில், தம் செயல்களை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பர். ஒருவர் கூறும் பொய்ச் சாக்கை, அதே சாக்கைத் தாமும் சொல்லிப் பழகியவர் எளிதில் கண்டுகொள்வார் அன்றோ?

ஆயினும், கூட்டத்தின் ஆற்றல் இருபுறமும் கூரிய வாள். கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்து ஓக் ரிட்ஜ் என்னும் காவல் மருத்துவமனையில், 1960-களின் நடுவில் ஒரு புதுத் திட்டம் தொடங்கிற்று. நோயாளரே நோயாளருக்குச் சிகிச்சை அளித்தனர். சன்னலற்ற சிற்றறை ஒன்றில் அவர்களை ஆடையின்றி நாள்கணக்கில் அடைத்து, இடையறாது பேச வைத்தனர். உணவு சுவரில் பொருத்திய குழல் வழியே வந்தது. மனத்தை நிலைகுலைக்கும் மருந்துகளும் தரப்பட்டன. அக்காலத்தில் இத்திட்டத்தைப் புகழ்ந்தோர் பலர்.

விளைவு யாது? 1992-இல் வெளிவந்த ஆய்வு, அத்திட்டத்தில் இருந்தோரையும் இராத குற்றவாளிகளையும் சுமார் 10 ஆண்டுக்கால அளவில் ஒப்பிட்டது. பொதுவான நோயாளருள் மீண்டும் வன்குற்றம் புரிந்தோர், திட்டத்தில் இராதவரிடை 39 விழுக்காடு. இருந்தவரிடை 22 விழுக்காடு. இது நற்பயனே. ஆனால், இரக்கமும் மனச்சான்றும் குன்றிய சைக்கோபாத் இயல்பினரிடம் கணக்குத் தலைகீழாயிற்று: இராதவர் 55, இருந்தவர் 77! பிறர் உள்ளத்தை அறியக் கற்ற திறனை அவர்கள் பிறரை ஏய்க்கவே பயன்படுத்தியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.

முன்னாள் நோயாளர் தொடுத்த வழக்கில், மாகாண அரசும் மருத்துவர் இருவரும் பொறுப்பாளிகள் என 2020-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாணவ நண்பர்களே! வெளியேற இயலாதவனிடம் பெறும் சம்மதம் எளிதில் சம்மதம் ஆகிவிடாது. ஆகவே, மதிலுக்குள் நடைபெறும் சிகிச்சைக்கு மதிலுக்கு வெளியே உள்ளோரின் மேற்பார்வை தேவை. நல்லெண்ணம் இருந்தாலும் அளந்தறியும் ஆய்வு தேவை. ஒரே மருந்து எல்லோருக்கும் ஒவ்வாது என்பதை உடல் மருத்துவம் நெடுங்காலமாக அறியும். மனமருத்துவம் அதனை இங்கே பெருவிலை கொடுத்துக் கற்றது. அவ்விலையைச் செலுத்தியவர்கள் அந்நோயாளர்களே என்பதை நாம் மறத்தலாகாது.